மிச்சிகன் ஏரியில் துறைக்குத் துறை ஒரு நாள்: வயதானவர்களைப் படகில் அழைத்துப் போகலாமா?

காட்பாடி_கிழக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தங்கை வீட்டுக்குப் போகிறோம். மிச்சிகன் மாநிலம், கிராண்ட் ராபிட்ஸ். மாப்பிள்ளை சொந்தமாக 24 அடி மோட்டார் படகு வைத்திருக்கிறார். ஹாலந்து என்ற ஊரில் மகடாவா ஏரியில் கட்டியிருக்கிறது. அங்கிருந்து ஒரு கால்வாய் வழியாக மிச்சிகன் ஏரிக்குள் போய்விடலாமாம்.

எங்களை ஒரு முழு நாள் படகில் அழைத்துப் போக வேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசை. காலையில் ஹாலந்தில் கிளம்பி, சாகடக் என்ற துறையில் இறங்கிச் சாப்பிட்டு, அங்கிருந்து சவுத் ஹேவன் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம்.

அப்பாவுக்கு 72 வயது, சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. அம்மாவுக்கு 66, முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 11, 5. எங்களில் நீச்சல் தெரிந்தவன் நான் மட்டும்தான், அதுவும் கிணற்று நீச்சல். அம்மா பிறந்த ஊர் காவேரிப்பாக்கம். ஏரி என்றால் அவருக்கு அந்த ஏரிதான். "போகிற வழி முழுக்கக் கரை தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: இந்தத் திட்டம் அவர்களுக்குச் சரிப்படுமா?


ராணிப்பேட்டை_லேத் எழுதியது:

தம்பி, தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் அன்றைய திட்டத்திலிருந்து சவுத் ஹேவனை எடுத்துவிடுங்கள். நான் மஸ்கீகனில் வேலை பார்த்த காலத்தில் 22 அடி படகு வைத்திருந்தேன். நீங்கள் சொல்கிற துறைகள் எல்லாம் எனக்குப் பழக்கம்.

ஏரிக்குள் திறக்கிற ஹாலந்துத் துறையின் வாயிலிருந்து சாகடக் துறையின் வாய் சுமார் 11 கிலோமீட்டர்தான். அங்கிருந்து சவுத் ஹேவன் இன்னும் 31. போக வர மொத்தம் 84 கிலோமீட்டர் ஆகிறது. ஏரி அமைதியாக இருந்தால் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது 20 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற கணக்கு) வேகத்தில், சவுத் ஹேவனிலிருந்து ஹாலந்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். அலை மூன்றடி எழுந்துவிட்டால் அந்த வேகத்தில் ஓட்ட முடியாது. 8 நாட் அளவுக்கு இறக்க வேண்டிவரும், அதே தூரம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகிவிடும். காலையில் சுகமாகப் போனவர்கள் மாலையில் ஆடி ஆடித் திரும்புவது அந்தக் கரையில் அடிக்கடி நடக்கிற சங்கதி.

இதற்குக் காரணம் இருக்கிறது. கோடையில் காலை நேரம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மதியம் தரை சூடானதும் ஏரிக்காற்று எழும். உங்கள் மாப்பிள்ளை இருப்பது ஏரியின் கிழக்குக் கரை. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிற காற்று 100 கிலோமீட்டருக்கு மேல் வெறும் தண்ணீர்மேல் ஓடிவந்து அந்தக் கரையில்தான் மோதும். அந்த அலை கடல் அலைபோல நீளமாக ஏறி இறங்காது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும். சின்னப் படகில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதுதான் கஷ்டம்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. நடு ஏரியைவிடத் துறையின் வாய்தான் கடினமான இடம். இரண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் ஏரிக்குள் நீண்டிருக்கும். மேற்கிலிருந்து வரும் அலை சுவரில் மோதித் திரும்பும், உள்ளிருந்து வரும் நீரோட்டம் எதிரே தள்ளும். வெளியே மூன்றடி அலை என்றால் வாயில் அதைவிட மோசமாகக் குழம்பிக் கிடக்கும். பயணத்தில் களைத்துப்போன நேரத்தில்தான் அந்த இடத்தைக் கடந்து உள்ளே வர வேண்டும். அதனால் எத்தனை துறை பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். காற்று மாறினால் எந்தத் துறையில் நிம்மதியாகத் தங்கிவிடலாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாப்பிள்ளையிடமும் அதையே கேளுங்கள்.

அம்மாவுக்குப் பதில்: ஹாலந்திலிருந்து சாகடக் வரை கரையை ஒட்டியேதான் போவார்கள். உயரமான மணல்மேடுகள், மேலே மரங்கள், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அதே கரைப்பக்கம் பார்த்து உட்காரச் சொல்லுங்கள்.


சத்துவாச்சாரி_பேஸ்2 எழுதியது:

அண்ணா, இப்போது வருகிற 24 அடி படகில் 300 குதிரைத்திறன் இஞ்சின் வைத்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ்., ரேடியோ எல்லாம் இருக்கிறது. அவ்வளவு தூரம் செலவு செய்து போய்விட்டு 11 கிலோமீட்டரில் திரும்பி வருவதா? காலை 6 மணிக்கே கிளம்பினால் சவுத் ஹேவன் தாராளமாகப் போகலாம். ஜூலையில் அங்கே இரவு 9 மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. என் நண்பன் சிகாகோவிலிருந்து மறுகரைக்கே படகில் போகிறான்.


ராணிப்பேட்டை_லேத் எழுதியது:

தம்பி, வெளிச்சம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஹாலந்தில் ஜூலை ஆரம்பத்தில் 9:20க்கு மேல்தான் மறைகிறது. இஞ்சினும் தாங்கும். தாங்காதது 72 வயது முதுகு. அலையில் படகின் முன்பக்கம் தூக்கிப் போடும்போது அங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு முதுகெலும்பு நசுங்கிப்போகலாம். படகு விபத்துக் காயங்களில் இது தெரிந்த வகை. வேகம் கூடக் கூட அடி கூடும். இஞ்சின் பெரிதாக இருந்தால் அலை சின்னதாகிவிடாது.

காட்பாடித் தம்பி, உங்கள் பெற்றோரைப் பின்பக்கத்துக்குச் சற்று முன்னால், நடுவில், தாழ்வான இருக்கையில் உட்கார வையுங்கள். முன்பக்க சோபா படம் எடுக்க அழகாக இருக்கும். படகு துறையில் கட்டியிருக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுகரைக்குப் போக வேண்டும் என்று ஆசை இருந்தால் அதற்குக் கப்பல் இருக்கிறது. லட்டிங்டனிலிருந்து மனிட்டோவாக்குக்கு எஸ்.எஸ். பேட்ஜர், 1953 முதல் ஓடுகிறது. காரையும் ஏற்றிக்கொண்டு சுமார் நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். பெரியவர்கள் எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிடலாம்.


குடியாத்தம்_மில்வாக்கி எழுதியது:

நான் மறுகரையில், மில்வாக்கியில் இருக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். லேத் அண்ணா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் வேண்டிய விஷயங்களை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் படகு வைத்திருக்கிற ஆண்கள் இதைச் சொல்வதில்லை.

முதலில் கழிப்பறை. 24 அடி படகில் இருந்தால் ஒரு சின்ன அறையில் கையடக்கக் கழிப்பறை இருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவால் ஆடுகிற படகில் அது முடியாது. கழிவை ஏரியில் விடவும் கூடாது, அங்கே சட்டமே அப்படித்தான். துறைக்குத் துறை நல்ல கழிப்பறை இருக்கிறது. ஒரு துறைக்கும் அடுத்த துறைக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா காலையில் பி.பி.க்கு நீர் பிரிகிற மாத்திரை போடுகிறவராக இருந்தால் அன்றைக்கு எந்த நேரத்தில் போடலாம் என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கூச்சத்தில் அம்மா தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். எங்கள் அம்மா அப்படித்தான் செய்தார்கள், மாலையில் தலைவலியோடு படுத்தார்கள்.

அடுத்து குளிர். ஜூலை என்றதும் நம் ஊர் சித்திரை வெயில்போல நினைத்துவிடாதீர்கள். ஏரிமேல் படகு ஓடும்போது காற்று சில்லென்று அடிக்கும். கிழக்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ காற்று தொடர்ந்து வீசினால் மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட்டு அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்துவிடும். முந்தின நாள் பிள்ளைகள் குளித்த இடத்தில் மறுநாள் கால் வைக்க முடியாது, மரத்துப்போகும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே அந்தத் தண்ணீரில் மூச்சுத் திணறுவார்கள். ஆகவே லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள், எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சிகன் சட்டப்படி 26 அடிக்குக் குறைந்த படகில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை மேல்தளத்தில் இருக்கும்போது போட்டே ஆக வேண்டும். உங்கள் சின்னவனுக்கு அவன் எடைக்குத் தகுந்த அளவு இருக்கிறதா என்று தங்கையிடம் இப்போதே கேளுங்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறக் கூடாது.

அம்மா புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும். முந்தானையை இடுப்பில் செருகி ஊக்கு குத்திவிடுங்கள், கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் கால் தடுக்குவதுதான் பயம். சுடிதார் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. ரப்பர் அடிப்பாகம் உள்ள, பின்னால் பட்டை வைத்த செருப்பு. அப்பாவின் கண்ணாடிக்கு ஒரு கயிறு.

வாந்தி வருகிறவர்கள் அவோமின் போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபிறகு பயன் குறைவு. அது தூக்கத்தையும் கொடுக்கும், பெரியவர்களுக்குத் தலை சுற்றலும் வரலாம். அதையும் டாக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், நெய்யில் மிதக்கிற பொங்கலோடும் போக வேண்டாம். இட்லி போதும்.

கடைசியாக ஒன்று: தங்கையோ உங்கள் மனைவியோ காரில் சாகடக் வந்துவிடட்டும். ஹாலந்திலிருந்து 20 நிமிடம்தான். காற்று எழுந்தால் பெரியவர்களும் பிள்ளைகளும் காரில் திரும்பலாம். கார் அங்கே நிற்கிறது என்று தெரிந்தாலே அம்மாவின் பாதிப் பயம் போய்விடும்.


பேர்ணாம்பட்டு_பாய் எழுதியது:

அக்கா சொன்ன கார் யோசனை ரொம்ப நல்ல யோசனை. என் மூத்த மகள் சிகாகோ பக்கம் இருக்கிறாள், நாங்களும் ஒருமுறை அந்த ஏரியில் போயிருக்கிறோம், அதனால் ஒன்று சொல்கிறேன்.

2009இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தார்கள் என்று அப்போது படித்தது இன்னும் மறக்கவில்லை. அது பெரிய படகு. 24 அடி படகில் ஏழெட்டுப் பேர் இருந்தால் இரண்டு பேர் எழுந்து ஒரு பக்கம் வந்தாலே சாய்வது தெரியும். படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று ஒரு தகட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைப் பாருங்கள். நம் வீட்டில் வழக்கமாகச் செய்வதுபோல "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்று ஆளைக் கூட்டாதீர்கள்.

படகு நின்று இஞ்சின் மட்டும் ஓடும்போது பிள்ளைகளைப் பின்பக்கப் பலகையில் உட்கார விடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், வாசனையே தெரியாது. என் மருமகன் இதில் ரொம்பக் கண்டிப்பு. அவர் பெட்ரோல் இஞ்சினைக் கிளப்பும் முன் ஒவ்வொரு தடவையும் நான்கு நிமிடம் காற்றாடியை ஓட விட்டு, இஞ்சின் அறையிலுள்ள ஆவியை வெளியேற்றுவார். ஆரம்பத்தில் எதற்கு இவ்வளவு நேரம் என்று இருந்தது. காரணம் சொன்னதும் அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

சாப்பாடு எலுமிச்சை சாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். பிரியாணி வீட்டுக்குத் திரும்பி வந்து சாப்பிடலாம்.


ஆற்காடு_மதகு எழுதியது:

நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். படகு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காவேரிப்பாக்கம் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

காட்பாடித் தம்பியின் அம்மா பார்த்து வளர்ந்த ஏரி சாதாரண ஏரி இல்லை. பல்லவர் காலத்தது, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே 1858இல் கட்டிய அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று நான்கு கால்வாய்கள் போகின்றன. ஒரு ஆற்றுத் தண்ணீரை அத்தனை ஏரிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிற ஏற்பாடு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது அந்தக் கால்வாய்களில் தண்ணீர் ஓடியதைப் பார்க்க ஊரே திரண்டது.

ஆனாலும் அதன் முழுக் கொள்ளளவு உயரம் சுமார் 30 அடிதான். அந்த ஆழமும் கரையையும் மதகையும் ஒட்டித்தான். எதிர்ப்பக்கம் போகப் போக முழங்கால் தண்ணீர். மதகைத் திறந்து பாசனத்துக்கு விட விட நீர் பின்வாங்கிக்கொண்டே போகும். கோடையில் தரை வெடித்துக் கிடக்கும், கருவேல முள் எழுந்திருக்கும். மோட்டார் படகு அங்கே ஓடாததற்கு இதுதான் காரணம். அது பயிருக்காக வெட்டிய ஏரி, அந்த வேலையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறது.

லேத் சாரிடம் ஒரு கேள்வி. மிச்சிகன் ஏரிக்கு மதகு, கலங்கல் (உபரி நீர் வழிகிற இடம்) உண்டா? நீர்மட்டம் ஏறி இறங்குமா? இறங்கினால் இந்தத் துறைகள் என்ன ஆகும்?


ராணிப்பேட்டை_லேத் எழுதியது:

ஐயா, நல்ல கேள்வி. மிச்சிகன் ஏரியும் பக்கத்து ஹ்யூரன் ஏரியும் ஒரே நீர்மட்டம்தான், நடுவில் ஜலசந்தி இணைக்கிறது. அவற்றிலிருந்து தண்ணீர் வெளியேறுவது செயின்ட் கிளேர் ஆறு வழியாக. அங்கே மதகு எதுவும் கிடையாது. மேலே இருக்கிற சுப்பீரியர் ஏரியின் வாயில்தான் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் மழை, பனி, ஆவியாதல் இவற்றை வைத்துத்தான் மட்டம் மாறும். 2013 ஜனவரியில் பதிவேட்டிலேயே இல்லாத அளவுக்குக் கீழே போனது. 2020இல் பல மாதங்களில் அந்தந்த மாதத்துக்கான பழைய உச்சத்தைத் தாண்டி மேலே வந்தது. இதுவரை பதிவான மிகத் தாழ்ந்த மட்டத்துக்கும் மிக உயர்ந்த மட்டத்துக்கும் சுமார் 6 அடி வித்தியாசம். கேட்கக் குறைவு. ஆனால் தாழும்போது துறை வாயில் மணல் தூர்வார வேண்டும், ஏறும்போது படகு கட்டுகிற பலகைப் பாதை தண்ணீருக்குள் போய்விடும்.

பரப்பும் சொல்லிவிடுகிறேன்: சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். நம் மாநிலத்தின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மிக ஆழமான இடம் 281 மீட்டர். இவ்வளவு பெரிய தண்ணீரில் சின்னப் படகுகளை நம்பி விடக் காரணம் அந்த மாநிலம் 1947இல் இருந்து செய்த வேலை. கரையோரம் எங்கே இருந்தாலும் 15 மைலுக்குள் ஒரு துறை இருக்க வேண்டும் என்று குறிக்கோள் வைத்துத் துறைகளை அமைத்தார்கள். புயலில் மாட்டுகிறவர்கள் ஒதுங்கத்தான் அந்த ஏற்பாடு. இன்று விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் அதை அனுபவிக்கின்றன. எனக்கு அது பெரிய காரியமாகத் தெரிகிறது.


காட்பாடி_கிழக்கு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாப்பிள்ளையிடம் பேசினேன். "ஹாலந்திலிருந்து சாகடக், முடிந்தால் அங்கேயே நாள் முழுக்க" என்று உடனே ஒத்துக்கொண்டார். அக்கா சொன்னபடி தங்கை காரில் வருகிறாள். அப்பா மிச்சிகன் ஏரிக்கு மதகு இல்லை என்று கேட்டதிலிருந்து வரைபடம் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் நாங்கள் உதவ வேண்டுமா? எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?


ராணிப்பேட்டை_லேத் எழுதியது:

படகு கரையை நெருங்கும்போது கையையோ காலையோ நீட்டித் தள்ளாதீர்கள். இரண்டு டன் எடைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் மாட்டினால் போச்சு. அதற்கென்று பக்கவாட்டில் ரப்பர் உருளை தொங்கவிடுவார்கள், இடிப்பதை அது வாங்கிக்கொள்ளட்டும். கயிற்றை யாராவது கொடுத்தால் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். பெரியவர்கள் இஞ்சின் நின்று, முன்னும் பின்னும் கட்டியான பிறகு எழுந்தால் போதும். அதுவரை எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டால் மாப்பிள்ளைக்கு அதுவே பெரிய உதவி.

வானிலையை முந்தின இரவும் அன்று காலையும் பாருங்கள். கிராண்ட் ராபிட்ஸ் வானிலை அலுவலகம் கரையோர நீருக்கென்றே காற்று, அலை உயரம் தனியாக வெளியிடுகிறது. இரண்டடி வரை என்றால் போகலாம். இரண்டிலிருந்து நான்கடி என்று போட்டிருந்தால் உங்கள் குடும்பத்துக்கு அன்றைக்குப் படகு வேண்டாம். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் இருப்பதற்கு.

பெரியவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். துறைக்குள் நுழையும்போது சிவப்பு அடையாளம் வலப்பக்கம் இருக்க வேண்டும், அதை அவன் பார்த்துச் சொல்லட்டும். நம் சென்னைத் துறைமுகத்தில் இதற்கு நேர்மாறு, உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம். உலகம் இரண்டு முறையாகப் பிரிந்திருக்கிறது.


காட்பாடி_கிழக்கு எழுதியது (ஜூலை):

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டுமே, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

காலை 7:30க்குக் கிளம்பினோம். மதியம் வரை அலை ஒரு அடிக்குள், அப்புறம் தென்மேற்குக் காற்று கூடி இரண்டிலிருந்து நான்கடி என்று அறிக்கை. மாப்பிள்ளை அதைப் படித்ததும் "காலைப் பயணம் எல்லாருக்கும், திரும்புவது அப்போது பார்த்து முடிவு" என்றார். தங்கை காரில் கிளம்பினாள். அம்மாவை நடுவில், கரைப்பக்கம் முகம் பார்க்க உட்கார வைத்தோம்.

மகடாவா ஏரியைக் கடந்து கால்வாய்க்குள் வந்ததும் வேகத்தைக் குறைத்துவிட்டார். இடப்பக்கம் சிவப்பு நிறத்தில் கலங்கரை விளக்கம், ஒரு வீடு போலவே இருக்கிறது. எல்லாரும் படம் எடுக்கிற இடமாம். அதைத் தாண்டி வெளியே வந்தபோது எதிரே வானமும் தண்ணீரும் மட்டும்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். படகு தெற்கே திரும்பியதும் கரை தெரிந்தது, கையை விட்டார். தண்ணீரைத் தொட்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, உப்பே இல்லை என்று சத்தமாகச் சொன்னார். நாங்கள் யாரும் குடிக்க விடவில்லை.

சாகடக் வாய்க்குள் நுழைந்தால் கலமசூ ஆறு. அதில் அலை எழுப்பாத மெதுவான வேகத்தில்தான் போக வேண்டும். எனக்கு அன்றைய நாளில் ரொம்பப் பிடித்தது அந்த நேரம்தான். இரண்டு பக்கமும் மணல்மேடு, மரம், சின்னச் சின்ன வீடுகள், கட்டிக் கிடக்கிற படகுகள். போகிற வருகிற படகில் எல்லாரும் கையசைக்கிறார்கள். அப்பா பதிலுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆற்றின் குறுக்கே அடியில் போட்ட சங்கிலியைப் பிடித்து ஓடுகிற ஒரு சின்னப் பரிசல்துறைப் படகு இருக்கிறது, 1838 முதல் ஓடுகிறதாம். அப்பா அதில் ஏறி அக்கரை போய்த் திரும்பி வந்தார், சங்கிலி எப்படிச் சுற்றுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே. பிள்ளைகள் அக்கரையில் முந்நூறு படிகளுக்கு மேல் ஏறி மணல்மேட்டு உச்சிக்குப் போனார்கள். அங்கிருந்து ஆறும் ஏரியும் ஒன்றாகத் தெரிகிறது என்றார்கள்.

படகைக் கட்டிய இடத்திலேயே கழிப்பறை, குடிதண்ணீர், நிழலில் மேசை எல்லாம் இருந்தன. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். பக்கத்துப் படகுக்காரர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஒரு மணிக்கு மேல் கொடி படபடக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை மறுபடி அறிக்கை பார்த்தார். அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் மனைவியும் தங்கை காரில் போகட்டும் என்றார். அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். நானும் மாப்பிள்ளையும் படகில் திரும்பினோம்.

லேத் அண்ணா, துறை வாய் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. வெளியே அலை பின்னாலிருந்து தள்ளியதால் பெரிதாகத் தெரியவில்லை. ஹாலந்து வாயில் சுவரில் மோதித் திரும்பிய அலை எல்லாப் பக்கமும் எழுந்தது, படகு பக்கவாட்டில் உருண்டது. மாப்பிள்ளை வெளியே கொஞ்ச நேரம் நின்று, முன்னால் போன இரண்டு படகு உள்ளே போகும் வரை பார்த்து, அப்புறம் நடுவிலேயே பிடித்து, அலைக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்து உள்ளே கொண்டுவந்தார். சில நிமிடம்தான். அந்த நிமிடங்களில் அம்மாவோ சின்னவனோ படகில் இருந்திருந்தால் அவர் கவனம் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

சவுத் ஹேவனுக்கு அடுத்த வாரம் காரில் போனோம். பிளாக் ஆற்றின்மேல் பாலம் தூக்கிப் படகுகளுக்கு வழிவிடுவதை அப்பா இரண்டு தடவை நின்று பார்த்தார். தோட்டத்தில் ப்ளூபெர்ரி பறித்தோம். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது, ஏரிக்குள் நீண்டிருக்கிற காங்கிரீட் பாதைமேல் அலை ஏறி விழுந்தது. அப்படியும் சில இளைஞர்கள் அதில் நடக்கிறார்கள். போகிறவர்கள் பிள்ளைகளை அதன் பக்கமே விடாதீர்கள்.


சத்துவாச்சாரி_பேஸ்2 எழுதியது:

படித்தேன் அண்ணா. கார் ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் எல்லாரும் அந்த வாயில் மாட்டியிருப்பீர்கள். என் நண்பனுக்கும் இதை அனுப்புகிறேன், அவன் அம்மா ஆகஸ்டில் போகிறார்.


ஆற்காடு_மதகு எழுதியது:

தம்பி, அப்பா ஊர் திரும்பியதும் என்னிடம் அழைத்து வாருங்கள். வாலாஜா அணைக்கட்டில் தொடங்கி காவேரிப்பாக்கம் கரை, அப்புறம் மகேந்திரவாடி என்று ஒரே நாளில் காரில் போய் வரலாம். மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்த கோயில் இருக்கிறது. மகேந்திர தடாகத்தின் கரையில் திருமாலுக்கு மகேந்திரவர்மன் அமைத்தது என்று அங்கேயே கல்லில் வெட்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கால்வாயில் தண்ணீர் வந்தபிறகு போனால்தான் அழகு. அம்மாவும் வரட்டும், அவர் ஊர்தானே.


பேர்ணாம்பட்டு_பாய் எழுதியது:

மாஷா அல்லாஹ், நல்லபடியாகப் போய் வந்தீர்கள். குடியாத்தம் அக்காவிடம் ஒரு கேள்வி. நாங்கள் செப்டம்பரில் மகள் வீட்டுக்குப் போகிறோம். அப்போது இந்தமாதிரிப் படகுப் பயணம் சரிப்படுமா, குளிர் அதிகமா?


குடியாத்தம்_மில்வாக்கி எழுதியது:

பாய், செப்டம்பர் முதல் பாதி நல்ல நேரம். தண்ணீர் கோடைச் சூட்டை இன்னும் வைத்திருக்கும், துறைகளில் கூட்டமும் குறைந்திருக்கும். ஆனால் பள்ளி திறந்ததும் சில துறைகளில் கடைகளும் படகு கட்டுகிற இடத்துப் பணியாளர்களும் வார இறுதியில் மட்டும்தான் இருப்பார்கள், முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் காற்று அடிக்கடி பலமாகும், பொழுதும் சீக்கிரம் சாயும். அந்த மாதத்தில் போவதானால் ஒரு நாளை மட்டும் குறித்து வைக்காமல் நான்கைந்து நாள் காலியாக வைத்துக்கொண்டு, அதில் ஏரி அமைதியாக இருக்கிற காலையில் கிளம்புங்கள்.